பவுசர் வந்த இரவு

செவ்வாய் வருமென்றார்கள், வரவில்லை.
புதன் கட்டாயம் என்றான் செட்டில் நிற்கும் பொடியன்,
எங்கள் முகத்தைப் பார்க்காமல்.
அளுத்மாவத்தை நடைபாதையில்
நானூறு கேன்களைக் கயிற்றில் கோத்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.
நீலம், மஞ்சள், யாரோ ஒருவருடைய ஐஸ்கிறீம் வாளி.
என்னுடையதில் மார்க்கரால் என் பெயர்.
முன்னால் யூஜினுடையது.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு மீன்;
மகள் கீறினாளாம்.

வீட்டில் மா புளித்துக்கொண்டிருந்தது.
அப்ப மாவுக்கு டொலர் தெரியாது,
மந்திரி தெரியாது.
பொங்குகிற நேரத்தில் அது பொங்கும்.
அடுப்பில்லையென்றால்
விடியுமுன் சட்டிக்கு வெளியே வழிந்து
எறும்புக்குப் போகும்.
மூன்று நாள் எறும்புக்குத்தான் போனது.

யூஜினுக்குப் படகு மோட்டருக்கு எண்ணெய்.
பதினொரு மணிக்கு எழும்பினான்.
"கொஞ்சம் படுத்திட்டு வாறேன் அக்கா.
பவுசரக் கண்டா கோல் பண்ணுங்க."
அவன் போனில் சார்ஜ் இல்லையென்பது
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கரண்ட் போன தெரு.
லூசியாள் கோயில் கோபுரம்
இருட்டுக்குள் இன்னுமோர் இருட்டாக நின்றது.

எனக்கு அந்தப் பத்துப் பெண்களோடு
பழைய கோபம் ஒன்று உண்டு.
மறைக்கல்வி வகுப்பில் நான்தான் கேட்டேன்:
தூங்கினது பத்துப் பேரும்தானே?
எண்ணெய் வைத்திருந்தவர்கள்
கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?
சிஸ்டர் பிலோமினா வாசலைக் காட்டினார்.
கதவு அடைபட்டது என்று அவர் வாசித்தபோது
நான் உண்மையாகவே வெளியில்தான் நின்றேன்.

இரண்டே முக்காலுக்கு வந்தது.
ஹோர்ன் இல்லை.
இரண்டு வெளிச்சம் வளைவில் திரும்பியதும்
படுத்திருந்த தெரு முழுக்க எழும்பி நின்றது.
"ஆளும் அடையாள அட்டையும்!
ஆளில்லாத கேன் ஓரம்!"
பொலிஸ்காரர் இரண்டு மொழியிலும் கத்தினார்.

இரவு முழுக்க
என் கேன் ஒரு சாண், அவன் கேன் ஒரு சாண் என்று
தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.
இப்போது மீன் போட்ட கேனை
ஒருவன் காலால் விலக்கினான்.

எண்ணெயென்றால் பாதி ஊற்றிக் கொடுக்கலாம்.
விழித்திருந்ததை
எந்தப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது?
என் அட்டையில் என் முகம்தான் இருக்கிறது.

பின்னால் நின்றவளிடம் இரண்டு கயிற்றையும் நீட்டினேன்.
ஜிந்துப்பிட்டி, பரீதா. அவ்வளவுதான் தெரியும்.
"வாறேன்" என்றேன்.
எப்போது என்று அவள் கேட்கவில்லை.

நாலு ஒழுங்கை, துரத்திய ஒரு நாய்,
இடது காற்செருப்பு எங்கேயோ.
தகரக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.
"யூஜின்! வந்திருச்சி! எழும்பு, வந்திருச்சி!"
கத்திக்கொண்டிருக்கும்போதுதான் நினைத்தேன்:
கதையிலும் நடுச்சாமத்தில் யாரோ சத்தம் போடுகிறார்கள்.
மணவாளன் வருகிறார் என்று.
அது யார்?
பெயரில்லை.
அந்த ஆள் உள்ளே போனாரா என்றும் எழுதவில்லை.

நாங்கள் ஓடி வந்தபோது
பரீதா வரிசைக்குப் பக்கத்தில் நின்றாள்.
தன் முறையை விட்டு
ஆறு பேரை முன்னால் அனுப்பியிருந்தாள்.
மணிக்கட்டில் கயிறு சுற்றியிருந்த இடம் சிவந்திருந்தது.
மூன்று பேருக்கும் இரண்டு இரண்டு லீற்றர்.

எங்களுக்குப் பின்னால் பதினோராவது ஆளோடு
குழாய் வறண்டது.
சங்கிலி போட்டார்கள்.
ஐஸ்கிறீம் வாளிக்காரர் அப்போதுதான் ஓடி வந்தார்.
வாளியால் கம்பியைத் தட்டினார்.
சேர் என்றார். மாத்தயா என்றார். தம்பி என்றார்.

என் கையில் இரண்டு லீற்றர் இருந்தது.
நான் நடந்தேன்.
சந்தி திரும்பிய பிறகும்
அந்தத் தட்டல் கேட்டது.

இனி அந்த வாசகம் வருகிற ஞாயிற்றுக்கிழமை
யாரோடு கோபிப்பது?

மா சட்டியின் விளிம்புக்கு வந்து நின்றது.
நல்ல நேரத்துக்குத்தான் வந்திருந்தேன்.
திரியை நனைத்துப் பற்றவைத்தேன்.
முதல் அப்பம் வெந்ததும்
ஒரு மூடியால் மூடி,
ஒற்றைச் செருப்போடு
வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.